காயுமுன் அடித்த கிளியர்

மூன்று வருடத்துக்கு முந்திய ஆவணி மாதம். வேலணையில் பஸ் போகிற தெருவோரமாக நான் வைத்திருக்கும் கராஜில் நடந்த சம்பவம் இது. வாகனங்களுக்குப் பெயின்ற் அடிப்பதுதான் என் தொழில். பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். ஓட்டோ, வான், பழைய கார் எதுவானாலும் நல்லபடியாக அடிக்க வேண்டுமென்றால் தீவுப் பகுதி ஆட்கள் அநேகமாக என்னிடம்தான் கொண்டுவருவார்கள். காற்றும் தூசும் படாமல் அடிப்பதற்கென்று நான்கு பக்கமும் அடைத்த கொட்டகை இந்தப் பக்கத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

சம்பந்தப்பட்டவர்களைத் தவிர நடந்ததை முழுதாக நான் யாருக்கும் சொன்னதில்லை. மனைவிக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

அந்த மாதத் தொடக்கத்தில் சரவணையிலிருந்து, வயல் செய்கிற ஒரு கமக்காரர் தன் தகப்பன் காலத்து மொரிஸ் மைனர் காரைக் கொண்டுவந்து விட்டார். அறுபதை நெருங்குகிற வயது. மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி பார்க்கிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். வெள்ளையும் கறுப்புமாக ஒரு சோடி மாடு வைத்திருந்தார். ஓடின இடமெல்லாம் வென்ற சோடி. அதற்கு முந்தின வருடம் வெள்ளை மாடு நோய் வந்து செத்துப் போனது. அந்த மாடுகளுக்குத் தவிடும் புண்ணாக்கும் வைத்து வளர்த்தது அவருடைய ஒரே மகள். அவளுக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம். முடிந்த கையோடு மாப்பிள்ளையுடன் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறாள்.

"அவள் கோயிலுக்குப் போற காரிலை இரண்டு மாடும் முன்னுக்கு நிக்கோணும் தம்பி," என்றார். "பொனற்றிலை, எஞ்சின் மூடிக்கு மேலை. ஸ்ரிக்கர் எண்டால் வேண்டாம். கையாலை கீறின படமா இருக்கோணும்."

எனக்குப் படம் கீற வராது. அதற்கு எயார்பிறஷ் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பேனை அளவான சின்ன ஸ்பிறே அது. தலைமயிர் அகலத்துக்குக்கூடக் கோடு போடலாம். அப்படி ஒரு ஆளை அவரே தேடிப் பிடித்திருந்தார். நெடுந்தீவுப் பெண். இருபத்தெட்டு வயது இருக்கும். முதலில் கேக்குகளுக்கு எயார்பிறஷ் அடித்துப் பழகி, பிறகு கொழும்பில் ஒரு பட்டறையில் வாகனங்களுக்கு அடிக்கக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தவள். ஊரில் ஹெல்மெட்டுக்கும் மோட்டார் சைக்கிள் பெற்றோல் தாங்கிக்கும் படம் கீறிக்கொண்டிருந்தாள். காரில் கீறுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டேன். அவளும் அண்ணை என்றாள். குறை சொல்ல ஒன்றுமில்லாத பிள்ளை. குறையெல்லாம் என்னிடம்தான் இருந்தது.

காலைப் படகில் குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்து இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வருவாள். முதல் நாளே என்னிடம் ஒரு உதவி கேட்டாள். நான் பொனற்றுக்குக் கடும் நீலம் அடித்து வைத்திருந்தேன்.

"அண்ணை, நான் கீறத் தொடங்க முதல் இதுக்கு மேலை மெல்லிசா ஒருக்கால் கிளியர் அடிச்சுத் தருவியளே?"

கிளியர் என்பது நிறத்துக்கு மேலே அடிக்கிற, கண்ணாடி மாதிரியான பூச்சு. வெயிலும் மழையும் நிறத்தைத் தின்னாமல் காப்பது அதுதான். எனக்குத் தெரிந்து அது கடைசி வேலை. எல்லாம் முடிந்த பிறகு அடித்துவிட்டு, கைகழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். நடுவில் ஏன் என்று கேட்டேன்.

"கீறேக்கை ஏதும் பிழை வந்தால் துடைக்கலாம். கிளியர் இல்லாட்டி உங்கடை நீலமும் சேர்ந்து வந்திடும்."

சரி என்று அடித்துக் கொடுத்தேன். காய்ந்த பிறகு அதை மெல்லிய சான்ட் பேப்பரால் மெதுவாகத் தேய்த்து, பளபளப்பை எடுத்துவிட்டுத்தான் கீறத் தொடங்கினாள். படம் பிடித்துக்கொள்ள அந்தச் சொரசொரப்பு வேண்டுமாம். இரண்டாம் நாள் கறுத்த மாட்டின் கொம்பு பிசகிவிட்டது. ஈரத்துணியால் ஒரு துடை. கொம்பு போய்விட்டது, நீலம் அப்படியே இருந்தது. அவள் சொன்னது சரி என்று எனக்கு விளங்கியது. ஆனால் வாய் திறந்து சொல்லவில்லை. காற்றடிக்கிற கொம்பிறசருக்குப் பின்னால் ஏதோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் படம் முடிந்தது. கமக்காரர் வந்தார். இரண்டு மாடும் கழுத்தை முன்னுக்கு நீட்டி ஓடிவருகிற மாதிரி இருந்தது. நல்ல வேலை என்று எனக்கே தெரிந்தது. அவர் மற்ற எதையும் பார்க்கவில்லை. வெள்ளை மாட்டின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"உவன் இப்பிடித்தான் பாப்பான்," என்றார். "வண்டில் பூட்ட முதல் ஒருக்கால் திரும்பி இப்பிடித்தான் பாப்பான்."

அவள் போனில் படம் எடுக்கப் போனாள். அவர் தடுத்துவிட்டார். மகள் கல்யாணத்தன்றுதான் முதன்முதலாகப் பார்க்க வேண்டும், அதற்கு முதல் போனில் ஒருவரும் அனுப்பக் கூடாது என்றார். அவளும் போனை உள்ளே வைத்துவிட்டாள்.

வெளிக்கிடும்போது, கமக்காரர் பக்கத்தில் நிற்க, அவள் என்னிடம் சொன்னாள்: "அண்ணை, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கிளியர் அடிக்க வேண்டாம். நான் அடிச்சது தண்ணிப் பெயின்ற். மேலாலை காஞ்ச மாதிரி இருக்கும், ஆனா நாலைஞ்சு படை ஒண்டுக்கு மேலை ஒண்டா இருக்குது. கடல் காத்திலை உள்ஈரம் கெதியாப் போகாது. அடிக்கேக்கையும் முதல் இரண்டு தரம் புழுதி விழுகிற மாதிரி மெல்லிசா அடிச்சு, இடையிலை காய விட்டு, பேந்துதான் தடிப்பா அடிக்கோணும்."

நான் தலையாட்டினேன். அதோடு முடிந்திருக்கும். ஆனால் கமக்காரர் சிரித்துக்கொண்டு, "தம்பி, பிள்ளை சொன்னது விளங்கினதுதானே?" என்றார்.

அந்த மனிதர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. பதினாறு வருடம் கிளியர் அடித்த எனக்கு, நேற்று வந்த பெண் ஒன்று வாடிக்கைக்காரருக்கு முன்னால் பாடம் எடுக்க, அவர் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தேன். இருவரும் போனார்கள். நான் தனியே இருந்து அதையே திரும்பத் திரும்ப நினைத்தேன்.

நாலு மணிக்குப் போய்ப் பொனற்றின் ஒரு மூலையை விரலால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வேறு வேலை ஒன்றும் காத்திருக்கவில்லை. ஒரு அவசரமும் இல்லை. ஆனாலும் கிளியரைக் கலந்தேன். நாளைக்குக் கமக்காரர் வரும்போது கார் பளபளவென்று நிற்க வேண்டும், 'நான் நேற்றே அடிச்சிட்டன், ஒண்டும் நடக்கேல்லைத்தானே' என்று சாதாரணமாகச் சொல்ல வேண்டும். இதுதான் என் மனதில் இருந்தது. மெல்லிசாகவும் அடிக்கவில்லை. எப்போதும் அடிக்கிற மாதிரி முதல் தரமே தடிப்பாக, ஈரமாக அடித்தேன்.

அடித்து முடித்ததும் படம் இன்னும் உயிர் வந்த மாதிரி இருந்தது. ஸ்பிறே அடிக்கிற கருவியைக் கழுவப் போனேன். கழுவிவிட்டு வந்து பார்த்தால், கறுத்த மாட்டின் கொம்பு ஓரம் கலங்கி நீலத்துக்குள் ஓடத் தொடங்கியிருந்தது. காய்ச்சின பாலில் ஆடை சுருங்குவதுபோல வெள்ளை மாட்டின் முகம் முழுக்கச் சுருங்கியது. அந்தக் கண்ணும் சுருங்கியது. கிளியரை இளக்கக் கலந்த தின்னர் உள்ஈரத்தோடு சேர்ந்து படத்தைக் கீழிருந்து கிளப்பிக்கொண்டு வந்தது. கையில் துணியோடு நின்றேன். துடைக்கவும் முடியாது. தொட்டால் எல்லாம் வந்துவிடும். பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர ஒன்றும் செய்ய ஏலாமல் போய்விட்டது.

இதுவரைக்கும் நடந்தது பிழை. தொழில் செய்கிற யாருக்கும் வரக்கூடியது. இனிச் சொல்லப் போவதுதான் வேறு.

மறுநாள் பின்னேரம் கமக்காரர் வந்தார். பொனற்றைப் பார்த்தார். சுருங்கிக் கிடந்த அந்த முகத்துக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி நடந்தது?"

நான் முதல் நாள் இரவே யோசித்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன். "பெயின்ற் சரியில்லை அண்ணை. அந்தப் பிள்ளை கேக்குக்கு அடிச்சுப் பழகினது. உது வாகனத்துக்கு நிக்கிற பெயின்ற் இல்லை. கிளியர் பட்டவுடனை கிளம்பீட்டுது."

சொல்லும்போது என் குரல் தடுமாறவேயில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

அவர் அந்த இடத்திலேயே அவளுக்குப் போன் எடுத்து, எனக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகப் போட்டார். நடந்ததைச் சொன்னார். அவள் என்னிடம் இரண்டே இரண்டு கேள்வி கேட்டாள்.

"அண்ணை, எத்தினை மணிக்கு அடிச்சனீங்கள்?"

"நீர் சொன்ன மாதிரி இண்டைக்கு மத்தியானம்தான். பன்னிரண்டரை இருக்கும்."

"மெல்லிசாவோ அடிச்சனீங்கள்?"

"ஓம்."

அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்துப் பதில்களோடு நின்றேன். அவள் கமக்காரரிடம் பேசினாள்.

"அப்ப என்ரை பிழைதான் ஐயா. நான் திரும்பக் கீறித் தாறன். அதுக்குக் காசு ஒண்டும் வேண்டாம்."

அடுத்த நாள் தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று பலமாக இருந்தது. படகு ஓடாது என்றுதான் நினைத்தேன். ஓடவேண்டாம் என்று விரும்பினேன் என்று சொன்னால்தான் சரி. ஒன்பதரை மணிக்குப் பஸ்ஸால் இறங்கி வந்தாள். தோள் வரைக்கும் உப்புத் தண்ணீர் பட்டுக் காய்ந்து சட்டையில் வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. காருக்குக் கிட்டப் போய், சுருங்கின இடத்தை நகத்தால் மெதுவாகக் கிளப்பி, அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கோபமாக இல்லை. ஒன்றைக் கணக்குப் பார்த்து முடித்த மாதிரி.

"சான்ட் பேப்பர் தாங்கோ," என்றாள்.

"நான் தேய்ச்சுத் தாறன் தங்கச்சி. நீர் இரும்."

"வேண்டாம் அண்ணை. நான் தேய்க்கிறன்."

மத்தியானம் வரைக்கும் அவள் தன் கையால் கீறின மாடுகளைத் தன் கையாலேயே தேய்த்து எடுத்தாள். தண்ணீரை ஊற்றி ஊற்றித் தேய்க்க, வெள்ளையும் கறுப்பும் கலந்து சாம்பல் நிறத்தில் நிலத்தில் ஓடியது. நான் பக்கத்தில் ஒரு ஓட்டோவின் மட்காட்டைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தேன். செப்பனிட அதில் ஒன்றுமே இல்லை. ஒரு தடவை மட்டும் உண்மை வாய்வரைக்கும் வந்தது. அப்போது அவள் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள். தண்ணீரைக் கொடுத்தேன். வந்த வார்த்தை உள்ளே போய்விட்டது.

நான் திரும்ப நீலமும் நடுக் கிளியரும் அடித்துக் கொடுக்க, அதற்குப் பிறகு மூன்று நாள் வந்து கீறினாள். நாலாம் நாளும் காலையில் வந்து காத்திருந்து, பன்னிரண்டரை மணிக்கு என் பக்கத்தில் நின்று, "இப்ப அடியுங்கோ," என்றாள். மெல்லிசாக இரண்டு தரம், இடையில் காயவிட்டு, பிறகு தடிப்பாக. ஒரு சுருக்கம் இல்லை. கண்ணாடி மாதிரி நின்றது.

கமக்காரர் வந்து பார்த்தார். நல்லாயிருக்கு என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் அண்டைக்கு இருந்த பார்வை இதிலை இல்லைப் பிள்ளை," என்றார். அவள் தலையைக் குனிந்தபடி, "எனக்கும் தெரியும் ஐயா. மூண்டு தரம் முயற்சி செய்தனான். வரேல்லை," என்றாள். போகும்போது அவர் என் தோளில் தட்டினார். "நீர் பக்கத்திலை நிண்டு பாத்தபடியால் இந்த முறை பிழை வரேல்லை," என்றார். நான் அவள் முன்னாலேயே அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

அவர் போன பிறகு அவள் சாமான்களைப் பைக்குள் வைத்தாள். வைத்துவிட்டு, பால்மாப் பேணியில் வெட்டின ஒரு தகரத் துண்டை எடுத்து என் மேசையில் வைத்தாள். அதில் வெள்ளையும் கறுப்பும் நீலமும் பட்டை பட்டையாக அடித்து, மேலே கிளியரும் அடித்திருந்தது. ஒரு கீறலும் சுருக்கமும் இல்லை.

"முதல் படம் முடிஞ்ச அண்டைக்கு, அதே பெயின்ற்றிலை அடிச்சது," என்றாள். "ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டு அடிச்சு வைப்பன். வீட்டை கொண்டு போய் அடுத்த நாள் மத்தியானம் கிளியர் அடிச்சனான். பாருங்கோ, நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இதை ஏன் அவருக்குக் காட்டேல்லை?" என்று கேட்டேன். அதையாவது கேட்டேனே என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று விளங்குகிறது.

"காட்டி என்ன அண்ணை செய்யிறது? நீங்கள் பொய் சொன்னனீங்கள் எண்டு அவர் உங்களோடை சண்டை பிடிப்பார். பேந்து நான் எங்கை போய்க் கார் கீறுறது? இந்தப் பக்கத்திலை உங்கடை கொட்டகையை விட்டால் வேறை இடம் இல்லை. ஒவ்வொரு நாளும் யாழ்ப்பாணம் போய்க் கடைசிப் படகுக்குத் திரும்பி வர என்னாலை ஏலாது."

அதுவரைக்கும் அவள் ஒரு பொறுமையான பிள்ளை, பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. என்னை விட்டால் வழியில்லை என்பதால் என் பொய்யைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். பதிலுக்கு நான் சொன்னது என்ன தெரியுமா?

"பஸ்ஸுக்கு நேரமாச்சுது தங்கச்சி."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். தகரத் துண்டு மேசையிலேயே கிடந்தது. அதை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன்.

கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு இருந்தது. மணப்பெண் காரைப் பார்த்துப் பொனற்றில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். சாப்பாட்டுப் பந்தியில் நாலைந்து பேர் என்னைச் சுற்றி இருந்து, படம் ஒரு தடவை பழுதாகிவிட்டதாமே, என்ன நடந்தது என்று கேட்டார்கள். கேட்காமல் விட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கேட்டதும் நான் உற்சாகமாகச் சொன்னேன். கேக் பெயின்ற், அனுபவமில்லாத பிள்ளை, நான் நின்று சரிப்பண்ணிக் கொடுத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் கதை கொஞ்சம் நீண்டது. சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கல்யாணம் முடிந்து இரண்டு கிழமைக்குள் காரைநகரிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் கராஜுக்கு வந்தார். சுற்றுலா ஆட்களை ஏற்றுகிற வான் வைத்திருக்கிறவர். வானின் இரண்டு பக்கத்திலும் படம் கீற நெடுந்தீவுப் பெண்ணிடம் பேசி வைத்திருந்தாராம்.

"கலியாண வீட்டிலை உங்களுக்குப் பக்கத்திலை இருந்து சாப்பிட்டனான்," என்றார். "அந்தப் பிள்ளையின்ரை பெயின்ற் நிக்காது எண்டு சொன்னியள். அதுதான், வேலையைக் குடுக்கிறதோ விடுறதோ எண்டு உங்களிட்டை ஒருக்கால் கேட்டிட்டுப் போவம் எண்டு வந்தனான்."

ஒரு வான் முழுக்க வேலை. ஹெல்மெட் கீறுகிற ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அப்படித் தெரிந்திருந்தும் என் வாயிலிருந்து வந்தது, "அது உங்கடை விருப்பம்," என்பதுதான்.

"அப்ப விடுவம்," என்று சொல்லிவிட்டு அவர் எழும்பிப் போய் மோட்டார் சைக்கிளில் ஏறினார். அவர் திறப்பைத் திருப்பி எஞ்சினை முடுக்கினதும் என் கால்கள் எழும்பின. எப்படி என்று தெரியாது. நல்ல மனம் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் போனில் 'அப்ப என்ரை பிழைதான்' என்று சொன்னது அப்படியே காதில் கேட்டது. தெருவுக்கு ஓடிப்போய் அவருடைய ஹாண்டிலைப் பிடித்தேன்.

"அண்ணை, அந்தப் பிள்ளையின்ரை பெயின்ற்றிலை ஒரு பிழையும் இல்லை. அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் பொறுக்கச் சொன்னது. நான்தான் கேளாமல் அண்டைக்கே அடிச்சுப் பழுதாக்கினனான். பழியை அவவிலை போட்டிட்டன்."

அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அவ்வளவு ஆக்களுக்கு முன்னாலை சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னியளே," என்றார். நான் ஹாண்டிலை விட்டேன். "வேலையை அவவிட்டைத்தான் குடுப்பன். ஆனால் வாகனத்தை உங்களிட்டை விட எனக்கு மனம் வரேல்லை. யாழ்ப்பாணத்திலை ஒரு இடம் பிடிச்சு, அவ தங்கி நிண்டு செய்ய ஒழுங்கு பண்ணுறன்."

அவர் சொன்னது நியாயம். அதே கையோடு லாச்சியைத் திறந்து தகரத் துண்டை எடுத்துக்கொண்டு சரவணைக்குப் போனேன். கமக்காரர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நேரத்தை மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். அவர் தகரத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"அந்தக் காத்துக்குள்ளை அந்தப் பிள்ளை படகிலை வந்தது," என்றார். "நான் ஒரு தேத்தண்ணி கூடக் குடுக்கேல்லை. அதின்ரை பிழை எண்டு நினைச்சு முகம் குடுத்துக் கதைக்கவும் இல்லை." தகரத்தை என்னிடம் திருப்பித் தந்தார். "அவவிட்டைச் சொன்னனீரோ?"

"இல்லை."

"அப்ப என்னட்டை என்னத்துக்கு முதல் வந்தனீர்?"

அடுத்த நாள் காலை குறிகட்டுவானில் படகு ஏறினேன். வேலணையில் பிறந்து வளர்ந்தவன், நெடுந்தீவுக்குப் போய்ப் பத்து வருடம் இருக்கும். காற்று அன்றைக்குக் கொஞ்சம் தணிந்திருந்தது என்று படகுக்காரர் சொன்னார். தணிந்த காற்றுக்கே எனக்கு இரண்டு தடவை வாந்தி வந்தது. அவள் வந்த நாளில் இதைவிட எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பலகையைப் பிடித்தபடி இருந்தேன்.

வீட்டைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். கடல் முருகைக்கல் மதிலுக்குள்ளே, வேப்பமர நிழலில் ஒரு ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, உள்ளேயிருந்து கதிரை கொண்டுவந்து போட்டாள். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வசனங்களில் ஒன்றும் வரவில்லை.

"தங்கச்சி, அண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு அடிச்சனான்," என்றேன். "பிழை என்ரை. பொய்யும் என்ரை. அவருக்கும் காரைநகர் ஆளுக்கும் சொல்லிப் போட்டன். வான் வேலையை யாழ்ப்பாணத்திலை வைச்சு உம்மட்டைத்தான் குடுப்பாராம். உம்மட்டைத்தான் முதல் சொல்லியிருக்கோணும்."

அவள் ஹெல்மெட்டைத் துணியால் துடைத்தாள். "உள்ஈரத்தைத் தடவிப் பாக்கேக்கையே தெரிஞ்சது," என்றாள். "நீங்களா வந்து சொல்லுவியள் எண்டு கொஞ்ச நாள் பாத்துக்கொண்டு இருந்தனான். பேந்து விட்டிட்டன்."

"மன்னிச்சுக்கொள்ளும் தங்கச்சி."

"சரி அண்ணை. கேட்டிட்டன்."

மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. தேத்தண்ணி தந்தாள். குடித்து முடிக்கும்வரை தன் வேலையைப் பார்த்தாள். நான் எழும்பும்போதுதான் பேசினாள்.

"வான் வேலை முடிஞ்ச பிறகு எனக்குத் திரும்பவும் உங்கடை கொட்டகை தேவைப்படும். நான் வருவன். ஆனால் ஒண்டு. நான் கீறின படத்துக்குக் கிளியர் எப்ப அடிக்கிறது எண்டு நான்தான் சொல்லுவன். வாகனக்காரருக்கு முன்னாலை சொல்லுவன். நீங்கள் அவையளுக்கு முன்னாலை ஓம் எண்டு சொல்லோணும்."

"ஓம்," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என் கராஜில் நாலு கார், இரண்டு வான் கீறியிருக்கிறாள். எப்போது முடியும் என்று கேட்கிறவர்களிடம், தங்கச்சியைக் கேளுங்கோ என்று சொல்கிறேன். இரண்டு நாள் பொறுங்கோ என்றால் இரண்டு நாள் பொறுக்கிறேன். நாங்கள் நன்றாகத்தான் கதைக்கிறோம். ஆனால் இன்றைக்கும் ஒவ்வொரு வேலையின் முடிவிலும் அவள் ஒரு தகரத் துண்டில் அடித்து, பைக்குள் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறாள். அது எல்லா வேலைக்கும் செய்கிற வழக்கம்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நேரத்தில் அவள் பக்கம் பார்க்க எனக்கு முடிவதில்லை.

கல்யாண வீட்டில் என் கதையைக் கேட்டுச் சிரித்தவர்களில் நான் தேடிப்போய்ச் சொன்னவர்கள் சிலர்தான். மற்றவர்கள் இன்னும் அதை நம்பிக்கொண்டிருப்பார்கள். காயாத படத்தின் மேல் கிளியர் அடித்தது ஒரு பின்னேரத்துப் பிழை. அதற்குப் பிறகு வந்த அந்த நாட்களில், உண்மையைச் சொல்ல எனக்கு ஒவ்வொரு காலையும் நேரம் இருந்தது, ஒருவரும் என் வாயைப் பொத்தவில்லை என்பதை நினைக்கும்போதுதான் இன்றும் எனக்கு முகம் சுடுகிறது.